ஈய அச்சு வாங்கும் முன்: வீச்சு வலை மணிக்கும் தூண்டில் குண்டுக்கும்

போன மாதம் எர்ணாவூரிலிருந்து ஒரு தம்பி பளபளவென்று ஈயம் உருக்கி ஊற்றுகிற ஓர் அலுமினிய அச்சைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஒரே ஊற்றில் பத்து மணி, அதாவது வலை ஓரத்தில் கட்டுகிற சின்ன ஈயக் குண்டு, விழும் என்று சொல்லி ஆன்லைனில் விற்றிருக்கிறார்கள். பத்தில் நாலு மணிதான் முழுசாக விழுகிறது, மற்றதெல்லாம் பாதி குண்டு, பாதி பள்ளம். "ஈயம் சரியில்லையாக்கா?" என்று கேட்டார். அச்சை மூடி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன். ஒரு முனையில் மயிரிழை அளவு வெளிச்சம் தெரிந்தது. இன்னொரு முனையில் காற்று வெளியே போக ஒரு கீறல்கூட இல்லை. ஈயத்தின் மேல் எந்தக் குறையும் இல்லை.

வடசென்னையில் காசிமேட்டுக்குப் பக்கத்தில் ஒரு சந்தில் 19 வருடமாக ஈயம் ஊற்றுகிறேன். கற்றுக்கொடுத்தவர் என் மாமனார். அவர் எண்ணூர் ஆற்றில் வீச்சு வலை போட்டவர், கடைசிக் காலத்தில் தோள்வலி வந்ததும் வலை கட்டுவதும் ஈயம் ஊற்றுவதும் என்று வீட்டோடு இருந்தார். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் வந்தால் போட்டெல்லாம் கரையில் நிற்கும், எல்லார் வீட்டிலும் வலை வேலை நடக்கும். எங்களுக்கு அப்போதுதான் கை ஓயாது. அந்த நேரத்தில்தான் நிறையப் பேர் தானே ஊற்றிக்கொள்ளலாம் என்று அச்சு வாங்குகிறார்கள், வாங்கிய பிறகு என்னிடம் வந்து கேட்கிறார்கள். வாங்கும் முன் கேட்டிருந்தால் காசு மிஞ்சியிருக்குமே என்ற ஆதங்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் தண்ணியைச் சொல்லுங்க

"எந்த அச்சு நல்ல அச்சு?" என்று யாராவது கேட்டால் மாமா பதிலே சொல்ல மாட்டார். "எங்க போடப் போற?" என்றுதான் திருப்பிக் கேட்பார். ஆற்றிலா, கரைக்கடலிலா, கல்லிலா, ஆழத்திலா? அடியில் சேறா, மணலா, பாறையா? இது தெரியாமல் அச்சின் விலையைப் பேசக்கூடாது.

மணல் அடியில் தூண்டில் போடுகிறவருக்கு உருண்டைக் குண்டு உதவாது. வெள்ளம், அதாவது கடல் நீரோட்டம், இழுக்கிற நாளில், அது தெண்டியோ வன்னியோ எந்தத் திசை ஓட்டமானாலும், உருண்டை உருண்டுகொண்டே போய்ப் பக்கத்தில் போட்டவரின் தங்கூசில், அதாவது நைலான் தூண்டில் நூலில், சிக்கிக்கொள்ளும். பட்டை வைத்த குண்டு, அதாவது நாலு பக்கமும் சரிந்து கீழே கூராக முடிகிற மாதிரி இருப்பது, மணலில் குத்தி நிற்கும். கிழங்கான் மீன் பிடிக்கப் போகிறவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

எண்ணூர் நெடுஞ்சாலை ஓரமாகக் கொட்டியிருக்கிற கல்லில் உட்கார்ந்து தூண்டில் போடுகிறவர்களுக்கு அந்தப் பட்டையே எமன். கல் இடுக்கில் ஒருமுறை மாட்டினால் குண்டும் தூண்டில் முள்ளும் சேர்ந்து போய்விடும். அவர்களுக்கு வேண்டியது பேரிக்காய் மாதிரி, மேலே ஒல்லியாகி, ஒரு மேடு பள்ளம் இல்லாமல் வழுவழுவென்று இருக்கிற குண்டு. இழுக்கும்போது இடுக்கிலிருந்து வழுக்கிக்கொண்டு வெளியே வரும். கல்லில் குண்டு போகாமல் இருக்காது, வாரத்துக்கு இவ்வளவு என்று கணக்கு வைத்துக்கொள்ள வேண்டியதுதான். அதனால் கல்லுக்கான அச்சு சின்னதாக, சீக்கிரம் ஊற்றக்கூடியதாக இருக்கட்டும்.

வீச்சு வலை வேறு கதை. அதன் மணி நடுவில் ஓட்டையுள்ள சின்ன நீள்மணி, வேப்பங்கொட்டை உருவம். இரண்டு முனையும் சரிந்திருக்க வேண்டும். முனை வெட்டினாற்போல் நிற்கிற குழாய் மணியை சேற்றில் போட்டால், வலையை இழுக்கும்போது ஒவ்வொரு மணியும் ஒரு கை சேற்றையும் சிப்பியையும் சேர்த்து வாரும். எண்ணூர் ஆற்றின் அடியில் கைவிட்டுப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். கண்ணிக்குள் ஒரு சிப்பி ஓடு புகுந்தால் அன்று சாயந்திரம் வலையோடு ஊசியும் நூலுமாக உட்கார வேண்டியதுதான்.

செவுள் வலைக்கும் நீள்மணிதான். ஆனால் கயிற்றில் வழுக்கி நகராத மாதிரி ஓட்டை கயிற்றைப் பிடித்தாற்போல் இருக்க வேண்டும். அதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றும் இல்லை.

எடைக் கணக்கு

வலைக்கு ஏன் ஈயம், கல்லைக் கட்டினால் என்ன என்று என் சின்ன மகன் கேட்டான். நல்ல கேள்வி. தண்ணீருக்குள் போனால் எந்தப் பொருளும் தான் ஒதுக்கித் தள்ளுகிற தண்ணீரின் எடையளவுக்கு இலேசாகிவிடும். 100 கிராம் கருங்கல் கடல் தண்ணீரில் சுமார் 62 கிராம்தான் இழுக்கும். 100 கிராம் இரும்பு 87 கிராம். ஈயம் ஒரு கன சென்டிமீட்டருக்கு 11.34 கிராம் என்பதால் 91 கிராமாக நிற்கும். எடையும் அதிகம் குறையாது, இடமும் அடைக்காது. 100 கிராம் ஈய உருண்டையின் குறுக்களவு இரண்டரை சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல், ஒரு பெரிய நெல்லிக்காய் அவ்வளவுதான்.

வீச்சு வலைக்குக் கணக்கு இப்படி. 6 முழ வலை என்றால் நடுவிலிருந்து ஓரம் வரை சுமார் 2.7 மீட்டர். முழுசாக விரிந்தால் சுற்றளவு 17 மீட்டர் வரும். நாலு விரல்கடைக்கு, அதாவது ஏழரை சென்டிமீட்டருக்கு ஒரு மணி என்று கட்டினால் சுமார் 225 மணி. ஒரு மணி 15 கிராம் என்றால் மொத்தம் 3.4 கிலோ. 20 கிராம் என்றால் நாலரை கிலோ. அஞ்சு கிராம்தானே என்று அச்சு வாங்கும்போது தோன்றும். வலை நனைந்த பிறகு, காலையிலிருந்து அறுபது எழுபது வீச்சு வீசிய தோளைக் கேட்டால் அந்த ஒரு கிலோவின் கதை தெரியும். என் மாமாவின் தோள் போனது அப்படித்தான் என்று அத்தை இன்றைக்கும் சொல்வார்.

அதற்காக ரொம்பக் குறைத்தாலும் ஆகாது. மடவை மீனுக்கு வீசுகிறவர்களுக்கு வலை படாரென்று கீழே போக வேண்டும். மெதுவாக இறங்கினால் மீன் ஓரத்தின் கீழே புகுந்தோ மேலே குதித்தோ போய்விடும். இறாலுக்கு வீசுகிறவர்களுக்கு அந்த அவசரம் இல்லை, ஆனால் அடி ஓரம் தரையோடு படிந்து வர வேண்டும். என் கணக்கில் ஆற்றுக்கு 12-லிருந்து 15 கிராம், இடுப்பளவுக் கடல் அலையில் வீசுகிறவருக்கு 18-லிருந்து 20. ஒரு வலைக்கு இரண்டு எடை கலக்கக் கூடாது. கலந்தால் வலை வட்டமாக விழாது, கனமான பக்கம் முந்திக்கொண்டு இறங்கும், அந்தப் பக்கமாகச் சுருளும்.

கடையில் அச்சின் மேல் எழுதியிருக்கும் எடையை அப்படியே நம்ப வேண்டாம். ஊற்றிய மாதிரி மணி ஒன்று கேளுங்கள், பத்து மணி கொடுத்தால் இன்னும் நல்லது. பத்தையும் சேர்த்து நிறுத்துப் பத்தால் வகுத்தால் உண்மை தெரியும். மாதிரி கிடைக்காவிட்டால் மெழுகுவர்த்தியை உருக்கி அந்த அச்சில் ஊற்றி, ஆறிய பிறகு எடுத்து நகைத் தராசில் நிறுக்கலாம். மெழுகின் எடையைப் பன்னிரண்டரையால் பெருக்கினால் கிட்டத்தட்ட ஈயத்தின் எடை வந்துவிடும். 8 கிராம் மெழுகுக் குண்டு என்றால் 100 கிராம் ஈயக் குண்டு. மெழுகு ஊற்றுவதில் இன்னொரு லாபம், அச்சு எந்த இடத்தில் பிடித்துக்கொள்கிறது என்பதும் சூடு படாமலே தெரிந்துவிடும்.

எதில் செய்த அச்சு

மாமாவின் அப்பா காலத்தில் மாக்கல்லில் செதுக்கிய அச்சுதான். கல்சட்டி செய்கிற அதே கல். இன்னும் எங்கள் வீட்டில் ஒன்று இருக்கிறது, ஒரு மூலை உடைந்து. சூட்டை அழகாகப் பிடித்து வைக்கும், ஈயம் ஒட்டவே ஒட்டாது. கீழே விழுந்தால் முடிந்தது கதை.

கட்டையில் குடைந்து ஊற்றுகிறவர்கள் உண்டு. பத்துப் பதினைந்து குண்டுக்குத் தாங்கும், பிறகு உள்ளே கருகி வடிவம் போய்விடும். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சை நான் யாருக்கும் சொல்வதில்லை. மேலே தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே ஈரம் நிற்கும். அந்த ஈரம் என்ன செய்யும் என்பதைக் கீழே சொல்கிறேன்.

மீதி இருப்பது அலுமினியம், வார்ப்பிரும்பு, பித்தளை. அலுமினியம் இலேசு, சீக்கிரம் சூடேறும், ஈயம் ஒட்டாது, உப்புக் காற்றில் துரு வராது. ஆனால் மெத்து உலோகம். இரண்டு பாதியையும் நேராக நிறுத்துகிற முளை உட்காரும் ஓட்டை நாளாக நாளாகத் தளர்ந்துவிடும். திறப்பதற்கு ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பினால் அன்றே விளிம்பு போச்சு. வார்ப்பிரும்பு கனம், சூடேற நேரம் எடுக்கும், ஆனால் ஏறிய சூடு இறங்காது. நூறு மணி ஊற்றினாலும் முதல் மணியும் நூறாவது மணியும் ஒரே மாதிரி வரும். நம் ஊர்க் காற்றில் ஒரு ராத்திரி வெறுமனே வைத்தால் காலையில் செம்பட்டை பிடித்துவிடும், எண்ணெய் தடவாமல் வைக்கவே கூடாது. பித்தளை அச்சு வெட்ட அழகாக இருக்கும், விலையும் அதிகம். ஒரே ஓர் எச்சரிக்கை: பழைய பற்றவைப்பு ஈயம், அதாவது வெள்ளீயம் கலந்தது, சட்டியில் இருந்து அச்சும் அளவுக்கு மேல் சூடானால் பித்தளையில் ஒட்டிக்கொள்ளும். பிறகு சுரண்டி எடுக்கும்போது அச்சும் சேர்ந்து சுரண்டப்படும்.

தடைக்காலத்தில் மட்டும் ஒரு வலைக்கு ஊற்றுகிறவருக்கு அலுமினியம் போதும். விற்பதற்கு ஊற்றுகிறவர் இரும்புக்குப் போங்கள்.

அச்சைப் பற்றி இணையத்தில் தேடினால் முதலில் வந்து நிற்பது மீன்பிடிக் குண்டு இல்லை, வெளிநாட்டில் துப்பாக்கிக்கு ஈயத் தலை வார்க்கிற அச்சுகள். இங்கே தோட்டா தயாரிக்க 1959-ம் வருட ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும், அந்தப் பக்கம் நமக்கு வேலை இல்லை. ஆனால் இரும்பா அலுமினியமா, காற்று வெளியே போகிற கோட்டை எப்படி வெட்டுவது, அச்சு எவ்வளவு சூடாக இருக்க வேண்டும் என்பதையெல்லாம் அவர்கள் ரொம்பக் கவனமாக எழுதி வைத்திருக்கிறார்கள், அதில் நான் கற்றது நிறைய. ஒன்றைப் படித்தபோது மாமா ஞாபகம் வந்தது. லீவரைக் கீழே தள்ளி இழுத்துச் சுடுகிற பழைய வகை ரைபிளில் குழாய்க்குள் தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் நிற்கும். பின்னால் நிற்பதன் மூக்கு முன்னால் இருப்பதன் அடியில் உள்ள, தட்டினால் பற்றிக்கொள்கிற மருந்தைத் தொட்டுக்கொண்டிருக்கும். மூக்கு கூராக இருந்தால் அதிர்ச்சியில் குழாய்க்குள்ளேயே வெடித்துவிடலாம். அதனால் அந்தத் துப்பாக்கிக்கு மூக்குத் தட்டையான அச்சைத்தான் தேடி வாங்குகிறார்கள். எங்க போடப் போற என்று மாமா கேட்ட கேள்விதான் அங்கேயும். ஒரு வித்தியாசம்: அவர்களுக்குக் குறுக்களவு மயிரிழை தவறினாலும் ஆகாது. நமக்கு அரை மில்லிமீட்டர் முன்னே பின்னே இருந்தால் மீன் கோபித்துக்கொள்ளாது. அந்தத் துல்லியத்துக்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம். ஒரே சீரான எடைக்கும், முழுசாக நிறைவதற்கும், சுலபமாகக் கழல்வதற்கும் கொடுங்கள்.

கையில் வாங்கிப் பார்க்கும்போது

அச்சை மூடுங்கள். கைப்பிடியை அழுத்திப் பிடிக்காமல் இரண்டு பாதியையும் சும்மா சேர்த்துப் பிடித்து, ட்யூப்லைட்டுக்கு எதிரே காட்டுங்கள். சந்தில் கோடாக வெளிச்சம் தெரிந்தால் ஈயம் அந்த வழியே பிதுங்கும். பிதுங்கினது காய்ந்து தகடு மாதிரி விளிம்பில் நிற்கும், நைலான் நூலைக் கத்தி மாதிரி அறுக்கும். ஒவ்வொரு மணிக்கும் அரம் போட்டுக்கொண்டிருந்தால் அன்று முழுக்க அரப்பொடி மூச்சில் போகும். ஈயத்தில் அதுதான் பெரிய ஆபத்து.

பிறகு திறந்து, குழியின் உட்பக்கம் நகத்தை ஓட்டுங்கள். அடியிலிருந்து விளிம்புக்கு வரும்போது நகம் எங்கேயாவது தட்டக் கூடாது. குழி உள்ளே அகலமாகவும் வாயில் குறுகலாகவும் இருந்தால் ஈயம் அங்கே கொக்கி போட்டுக்கொள்ளும், சுத்தியால் தட்டித் தட்டித்தான் எடுக்க வேண்டும். ஒவ்வொரு தட்டுக்கும் அச்சின் ஆயுசு குறையும்.

ஊற்றுவாய் புனல் மாதிரி மேலே அகன்றிருக்க வேண்டும். ஈயம் உறையும்போது சுருங்கும். சுருங்கின இடத்தை நிரப்ப மேலே புனலில் கொஞ்சம் திரவம் நின்றுகொண்டே இருக்க வேண்டும். புனல் சின்னதாக இருந்தால் அதுவே முதலில் உறைந்துபோய், குண்டின் வயிற்றில் பள்ளம் விழும். எர்ணாவூர்த் தம்பியின் அச்சில் ஊற்றுவாய் ஒரே இடத்தில், அங்கிருந்து பத்துக் குழிக்கும் ஒரு மெல்லிய வாய்க்கால். ஈயம் கடைசிக் குழிக்குப் போய்ச் சேரும் முன் வாய்க்காலிலேயே உறைகிறது. இரண்டு குழி அச்சு மெதுவான வேலை என்று எல்லாரும் நினைக்கிறார்கள். இரண்டு குழியில் இரண்டும் முழுசாக விழுந்தால், பத்துக் குழியில் நாலு விழுவதை விட மதியத்துக்குள் சட்டி சீக்கிரம் காலியாகும், கைக்கும் வலி இல்லை.

காற்றுக்கோடு என்பது அச்சுப் பாதியின் உள்முகத்தில் குழியிலிருந்து வெளி விளிம்பு வரை போகிற மெல்லிய கீறல். காற்று போகும், ஈயம் போகாது, அவ்வளவு மெல்லியதாக இருக்க வேண்டும். முக்கியமாக, ஊற்றும்போது குழியின் எந்த மூலை மேலே நிற்கிறதோ அங்கே கோடு இருக்கிறதா என்று பாருங்கள். காற்று அங்கேதான் மாட்டிக்கொள்ளும்.

மணி அச்சாக இருந்தால் ஓட்டை விழவைக்கிற நடுக்கம்பியையும் பார்க்க வேண்டும். கம்பி ஒரே சீராக, வளையாமல், இழுத்தால் வருகிற மாதிரி இருக்கட்டும். மெல்லிய தங்கூசுக்கு சைக்கிள் ஸ்போக் கம்பியே போதும், 2 மில்லிமீட்டர் ஓட்டை விழும். வலைக் கயிற்றுக்கு அதை விடத் தடித்த இரும்புக் கம்பி வேண்டும். கம்பியோடு வந்த அச்சில் கம்பி தொலைந்தால் வேறு கிடைக்குமா என்று கடையிலேயே கேட்டுவிடுங்கள். கடைசியாகக் கைப்பிடி. மரப்பிடி இருக்கிறதா, நீளம் ஒரு சாண் இருக்கிறதா? தகரப் பிடியைத் துணி சுற்றிப் பிடிக்கலாம் என்று கடைக்காரர் சொன்னால் வைத்துவிட்டு வாருங்கள்.

பட்டறையில் செய்யக் கொடுத்தால்

தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டைப் பக்கம் லேத் பட்டறைகளில் சொன்ன வடிவத்தில் வெட்டிக் கொடுப்பார்கள். மாதிரிக்கு ஒரு குண்டைக் கொடுத்து "இதே மாதிரி" என்று சொன்னால் கிடைப்பது கொஞ்சம் சின்னதாக வரும், ஏனென்றால் ஆறும்போது ஈயம் சுருங்குகிறது. ஒவ்வொரு அளவிலும் நூற்றுக்கு இரண்டு, இரண்டரை பங்கு கூட்டி வெட்டச் சொல்லுங்கள். கூட்டிச் சொன்னதைத் தாளில் மில்லிமீட்டரில் எழுதிக் கொடுங்கள், வாயால் சொன்னது சாயந்திரத்துக்குள் மாறிப்போகும். முதலில் ஒரே ஒரு குழி. ஊற்றி நிறுத்துப் பார்த்த பிறகு இரண்டாவது குழி. அப்படிச் செய்கிற பட்டறைக்கு இரண்டு தடவை நடக்க வேண்டும், அந்த நடை வீணில்லை.

முதல் நாள் ஊற்றும்போது

புது அச்சில், அதை வெட்டும்போது விட்ட எண்ணெய் இருக்கும். சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, வெயிலில் வைத்து, அதற்கு மேல் அடுப்போரத்தில் அரைமணி நேரம் காய விடுங்கள். குழிக்குள்ளும் கம்பியிலும் மெழுகுவர்த்திச் சுடரைக் காட்டிக் கரி படிய விடுங்கள், ஈயம் சுலபமாகக் கழலும்.

ஈரம் விஷயத்தில் என் இடது முன்கையில் அஞ்சு பைசா அளவுக்கு ஒரு தழும்பு இருக்கிறது. ஒரு ஐப்பசிக் காலை, இரும்பு அச்சு ராத்திரி முழுக்க ஒழுகுகிற கூரைக்குக் கீழே இருந்திருக்கிறது. துடைத்தேன், காய்ந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். கம்பி போகிற துளைக்குள் ஒரு சொட்டு நின்றிருக்கிறது. ஊற்றின நொடியில் டப்பென்று ஒரு சத்தம், ஈயம் மேலே எகிறியது. தண்ணீர் ஆவியாகும்போது சுமார் 1,700 மடங்கு விரியும், அதற்கு மேலே இருக்கிற ஈயத்துக்கு வேறு வழி இல்லை. முகத்தில் கண்ணாடி போட்டிருந்தேன், அதனால் இதை எழுத எனக்குக் கண் இருக்கிறது. கண்ணாடி, முழுக்கைப் பருத்திச் சட்டை, மூடின செருப்பு, தோல் கையுறை இல்லாமல் அடுப்பைப் பற்றவைக்காதீர்கள். மழை தூறினால் அன்று வேலை இல்லை. உருகின சட்டிக்குள் நனைந்த துண்டு ஒன்றையும் போடக்கூடாது.

ஈயம் 327 டிகிரியில் உருகும். சின்ன மணி நிறைய 400 பக்கம் வேண்டும். என்னிடம் சூடு பார்க்கிற மானி வருவதற்கு முன், காய்ந்த தீக்குச்சியின் கட்டைப் பக்கத்தை விட்டுப் பார்ப்பேன், பழுப்பாகக் கருகினால் சரி. மேல் ஆடை பொன் நிறத்திலிருந்து நீலத்துக்கு ஓடினால் சூடு மிஞ்சிவிட்டது என்று அர்த்தம். சட்டி இரும்பாக இருக்க வேண்டும். வீட்டு அலுமினியப் பாத்திரத்தில் உருக்குவதைப் பார்த்திருக்கிறேன், சூட்டில் தளர்ந்து கனத்தில் அடி விட்டுவிடும்.

முதல் அஞ்சாறு குண்டு சுருக்கம் சுருக்கமாக வரும். அச்சு இன்னும் சூடாகவில்லை, அவ்வளவுதான், திருப்பிச் சட்டியில் போடுங்கள். பிறகு வழுவழுப்பாக வரும். மேலே பனி படிந்தாற்போல் மங்கலாக வந்தால் அச்சு மிஞ்சிச் சூடாகிவிட்டது, இரண்டு நிமிடம் திறந்து வையுங்கள். முழுச்சூடு வந்த பிறகும் ஒரே குழியில் ஒரே இடத்தில் குறை விழுந்தால்தான் அச்சின் மேல் சந்தேகப்பட வேண்டும்.

எந்த ஈயம்? பழைய கேபிள் மேலுறை ஈயம் மெத்தென்று இருக்கும், காயலான் கடையில் கிடைக்கும், அழுத்திக் கட்டுகிற வலை மணிக்கு அதுதான் நல்லது. வீல் பேலன்ஸ் ஈயம், அதாவது வண்டிச் சக்கரத்தில் மாட்டுகிற கட்டி, கொஞ்சம் கெட்டி, அச்சில் நன்றாக நிறையும், தூண்டில் குண்டுக்குப் போதும். அதில் இப்போது துத்தநாகக் கட்டிகளும் கலந்து வருகின்றன. துத்தநாகம் 419 டிகிரியில்தான் உருகும், அதனால் முதலில் சூட்டை அடக்கி வைத்தால் அது உருகாமல் மேலே மிதக்கும், கரண்டியால் எடுத்துவிடலாம். கலந்துவிட்டால் சட்டி கஞ்சி மாதிரி ஆகி எந்த நல்ல அச்சிலும் நிறையாது. பாட்டரியைப் பிரித்து ஈயம் எடுக்கவே எடுக்காதீர்கள். அதில் அமிலம், ஆண்டிமனி, ஆர்செனிக் எல்லாம் இருக்கிறது. அதன் கசடில் தண்ணீர் பட்டால் உயிரைக் கொல்லும் வாயு வரலாம். பழைய பாட்டரியை விற்ற கடையிலேயே கொடுங்கள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையோடு எண்ணூர் ஆற்றில் எண்ணெய் பரவியபோது கறுத்துப்போன வலைகளைக் குப்பையில் போட்டுவிட்டு, ஈயத்தை மட்டும் அறுத்துச் சாக்குச் சாக்காக என்னிடம் கொண்டுவந்தார்கள். வலை போன வீட்டில் ஈயமாவது மிஞ்சட்டும் என்று ஒருவருக்கும் மறுக்க மனம் வரவில்லை. அப்படியே சட்டியில் போட்டால் புகையும், தீயும் பிடிக்கும். சலவைச் சோடா போட்ட வெந்நீரில் ஊறவைத்து, கழுவி, இரண்டு நாள் வெயிலில் காயவைத்துத்தான் உருக்கினேன். எண்ணெய் பட்ட பழைய வலை ஈயம் யாரிடம் வந்தாலும் இப்படியே செய்யுங்கள்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கல்யாணமாகி வந்த புதிதில் சமையல் அடுப்பிலேயே ஊற்றினேன், பெரியவன் அப்போது தவழ்கிற பிள்ளை. ஒரு டாக்டரம்மா சொல்லித்தான் நிறுத்தினேன். குழந்தைக்கு இவ்வளவு ஈயம் பரவாயில்லை என்று ஓர் அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். வெட்டவெளியில், காற்றுக்கு முதுகு காட்டாமல் பக்கவாட்டில் நின்று ஊற்றுங்கள். பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் பக்கத்தில் வர வேண்டாம். ஊற்றும்போது டீ, வெற்றிலை எதுவும் கூடாது. முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை முகம் கழுவி, அந்தத் துணியை வீட்டுத் துணியோடு சேர்க்காமல் தனியாகத் துவையுங்கள். கசடைத் தெருவில் கொட்டாமல் தகர டப்பாவில் மூடி வைத்துக் காயலான் கடையில் கொடுத்துவிடுங்கள். தரையைப் பெருக்கக் கூடாது, ஈரத்துணியால் துடைக்க வேண்டும்.

எர்ணாவூர்த் தம்பியின் அச்சில் காற்று போகாத முனையில் உடைந்த ஹாக்ஸா பிளேடால் கீறல் போட்டேன், வாய்க்காலை அரத்தால் கொஞ்சம் அகலப்படுத்தினேன், குழிகளுக்குக் கரி காட்டினேன். எட்டு மணி முழுசாக விழுந்தது. வெளிச்சம் தெரிந்த முனையில் இருக்கிற மற்ற இரண்டு குழியில் ஊற்ற வேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.